ஞானப்பல்லுக்குப் பயந்து சொன்ன துட்டி

நாற்காலி பின்னால் சாய்ந்துகொண்டே போனது. கால் மேலே வந்தது, தலை கீழே போனது. நெற்றிக்கு நேராக ஒரு வட்ட விளக்கு. அதன் கண்ணாடியில் ஒரு திறந்த வாய் தெரிந்தது. என் வாய்தான். யாருடையதோ போல இருந்தது.

கழுத்தில் நீலக் காகிதத் துண்டு ஒன்றைக் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள், சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் முன்னால் கட்டிவிடுகிற மாதிரி. ஸ்பிரிட் வாசனையோடு கிராம்பு வாசனையும் வந்தது. மதுரைக்காரிக்குக் கிராம்பு வாசனை வந்தால் பிரியாணி ஞாபகம் வரவேண்டும். எனக்கு எதுவும் வரவில்லை.

"கொஞ்சூண்டு சுருக்குன்னு இருக்கும், அம்புட்டுத்தான்" என்றார் டாக்டரம்மா. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஊசி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எத்தனை பேரிடம் நானே அப்படி மறைத்திருக்கிறேன்!

அந்த நேரம் பார்த்து மடியில் இருந்த போன் அதிர்ந்தது. உங்கள் ரீசார்ஜ் முடியப்போகிறது என்று சொல்கிற பதிவுக் குரல். நான் போனைக் காதில் வைத்தேன். எழுந்து உட்கார்ந்தேன்.

"அய்யோ... எப்ப? எப்புடி?" என்று கேட்டேன்.

அந்தக் குரல் என்னை எண் ஒன்றை அழுத்தச் சொன்னது.

போனை வைத்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்தேன். "எங்க மாமா தவறிட்டாரு டாக்டர்."

அவ்வளவுதான். ஊசி எங்கே போனதென்று தெரியவில்லை. டாக்டரம்மாவே என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். வரவேற்பு மேசையில் இருந்த கலா எழுந்து நின்று, "எந்த மாமாக்கா?" என்று பதறினாள். "தாய்மாமா" என்றேன், செருப்பை மாட்டிக்கொண்டே.

விளாங்குடி ஸ்டாப்பில் பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தார். "என்னம்மா, பந்தியில பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டியா?"

நீலத் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

துணிச்சல்காரி

மூன்று வாரங்களுக்கு முன்னால் இந்தத் தொடரில் ரத்த தான முகாம்களைப் பற்றி எழுதியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றி எத்தனை முகாம் நடத்தினோம், ஊசியைப் பார்த்து ஓடுகிற பையன்களை எப்படிப் பேசிப் பேசிப் படுக்க வைத்தேன் என்றெல்லாம். "எறும்பு கடிக்கிற மாதிரிதான் அண்ணே" என்று நான் சொல்லுவதாக வந்த வரியை நிறையப் பேர் ரசித்திருந்தார்கள். ஒரு வாசகி, "உங்கள் துணிச்சலில் கால்வாசி என் மகளுக்கு இருந்தால் போதும்" என்று கடிதம் போட்டிருக்கிறார்.

அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்க முடியவில்லை.

கடிதம் போட்ட அம்மா, அந்தக் கட்டுரையில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். இத்தனை முகாம்களில் நான் ஒரு சொட்டு ரத்தமும் கொடுத்ததில்லை. "எடை பத்தலைன்னு சொல்லிட்டாங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். என்னை யாரும் எடை போட்டதே இல்லை. பையும் பைலுமாக ஓடிக்கொண்டே இருப்பவளை யார் பிடித்து எடை மேடையில் நிறுத்துவார்கள்?

போன வருஷம், வெயில் தொடங்கின நேரம். வலதுபக்கக் கீழ்த்தாடையில் கடைசிக்கும் கடைசியாக ஒரு ஞானப்பல் முளைக்கப் பார்த்தது. முளைக்க இடமில்லை. எக்ஸ்ரேயில் அது படுத்துக் கிடந்தது, பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் தலைவைத்துத் தூங்குகிற பயணி மாதிரி. மூன்று முறை வீங்கி, மூன்று முறை மாத்திரையில் அடங்கியது. நாலாம் முறை, "இது அடங்காதும்மா, எடுத்தே ஆகணும்" என்றார் டாக்டரம்மா.

எதையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் இறங்குவேன். அது என் வியாதி. பல் பிடுங்குகிற வீடியோ பத்து பார்த்தேன். ஈறைக் கீறுவது, எலும்பைக் குடைவது, பல்லை இரண்டாக உடைத்து எடுப்பது எல்லாம் தெரிந்துகொண்டேன். பதினோராவது வீடியோவில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே சொல்லவில்லை. "துணைக்கு வாரேன்" என்ற அம்மாவிடம் "மாமா வாராரும்மா" என்றேன். மாமாவிடம் மூச்சே விடவில்லை. துணையில்லாமல் தனியாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தவள் என்று பேர் வாங்கும் ஆசை. ஆனால் அங்கே படிவத்தில் "உடன் வருபவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. மாமா பேரை எழுதி, 'தக்காளி மண்டி, பரவை மார்க்கெட்' என்றும் எழுதினேன்.

கலா அதை வாங்கிப் படித்துவிட்டு, "எங்க ஊருக்கா! எங்கப்பா அந்த மார்க்கெட்டுலதான் மூடை தூக்குறாரு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்காத காரணம்

எங்கள் பக்கம் சாவுச் செய்திக்குத் 'துட்டி' என்று பெயர். துட்டி என்று சொல்லிவிட்டால் மேனேஜர் லீவு கொடுப்பார். ஹால் டிக்கெட் இல்லாதவனைப் பரீட்சை தொடங்கிய பிறகும் உட்கார வைப்பார்கள். நடுரோட்டில் கையைக் காட்டினால் முன்பின் தெரியாதவன் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வான். எவ்வளவு சண்டைக்காரனும் அந்த வார்த்தைக்கு ஒதுங்கி வழிவிடுவான். அதற்குமேல் கேள்வி கேட்பது மரியாதையில்லை.

அதனால்தான் பொய்த் துட்டிக்கு எங்கள் கல்லூரியில் ஒரு சட்டம் உண்டு. ஏற்கனவே செத்தவர்களைத்தான் மறுபடி சாகடிக்கலாம். என் வகுப்பில் ஒருத்தி, அவள் பிறப்பதற்கு முன்பே போய்ச்சேர்ந்த தாத்தாவை மூன்று வருஷத்தில் ஐந்து முறை அடக்கம் செய்தாள். யாருக்கும் நஷ்டமில்லை. உயிரோடு இருப்பவர்மேல் மட்டும் கைவைக்கக் கூடாது.

நான் கைவைத்தேன். அதுவும் யார்மேல்?

எனக்குக் காது குத்தியது மாமா மடியில். மூன்று வயது. ஆசாரி கம்பியை எடுத்ததும் நான் மாமாவின் கட்டைவிரலை வாயில் கவ்விக்கொண்டேனாம். இரண்டு காதும் குத்தி, தோடு மாட்டி, தேங்காய் உடைத்த பிறகும் விடவில்லையாம். ரத்தம் சொட்டச் சொட்ட மாமா, "பிள்ளைக்கு வலிக்குது, எனக்கென்ன" என்று உட்கார்ந்திருந்தாராம். அந்தத் தழும்பு இன்றைக்கும் பிறைபோல அவர் விரலில் இருக்கிறது. மண்டிக்குப் புதிதாக யார் வந்தாலும் காட்டுவார்: "எங்க மருமக போட்ட கையெழுத்துய்யா."

அந்த மாமாவைத்தான், ஓர் ஊசிக்குப் பயந்து.

எதிர்வீட்டு அக்கா சொன்ன சேதி

நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. இவ்வளவு சீக்கிரம் போனால் அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுக் காளவாசலில் இறங்கினேன். ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்தேன், இடதுபக்கமாக. ஒரு துணிக்கடையில் நுழைந்து வாங்கப்போகாத சுடிதார்களை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட நாள் மாதிரி அவ்வளவு சந்தோஷம். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓட்டியிருப்பேன்.

வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"ஏத்தா, எங்க போயிருந்த? ஒங்க மாமா தவறிட்டாராமுல்ல! ஒங்கம்மா மாரடிச்சுக்கிட்டே ஆட்டோவுல ஏறிப் போகுது."

என் பொய் எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருக்கிறது என்று எந்த மக்குக்கும் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் சொன்னது பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காலையில் என் வாயிலிருந்து புறப்பட்ட சொல் போய் அவரை அடித்துவிட்டது.

அணைத்துவைத்த போனை உயிர்ப்பித்து மாமா போனுக்கு அடித்தேன். முழு ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. அம்மா போனும் அப்படியே. வாசற்படியில் உட்கார்ந்தேன். படி சுட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஞானப்பல் இருக்கிற இடம் துடித்தது. அந்த வலி நல்லதாக இருந்தது, இன்னும் வலிக்கட்டும் என்றிருந்தது.

அரைமணி கழித்து அம்மா கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம். சத்தத்துக்குள் சிரிப்பு.

"ஏன்டி, ஒங்க மாமா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காருடி!" அம்மா ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தாள். "காக்கா தலையில அடிச்சுச்சுன்னு அவருதான் ஒன்னயத் துட்டி சொல்லச் சொன்னாராமே? எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நெசமாவே அவருதான் சொல்லச் சொன்னாரா?"

காக்கையா? எந்தக் காக்கை?

போனுக்குள் தூரத்தில் மாமா குரல் கேட்டது. "பிள்ளையை வையாத. நாந்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்றேன்ல."

சொல்லியிருக்கலாம். இல்லைம்மா, ஊசிக்குப் பயந்து நானாகத்தான் சொன்னேன் என்று. ஒரே வரி. ஊசிக்குப் பயந்து சொன்ன பொய்யின் பழியையாவது பயத்தின்மேல் போடலாம். இப்போது யார் கையிலும் ஊசி இல்லை.

"ஆமாம்மா" என்றேன்.

மாலை வந்த வீடு

பரவையில் நடந்ததை அம்மா சொன்னது, கலா சொன்னது, மாமாவே சொன்னது என்று கோத்துத்தான் எழுதுகிறேன்.

நான் ஓடியதும் கலா அவள் அப்பா கருப்பையா அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் மண்டிக்கு ஓடிப் பார்த்தார். மாமா இல்லை. தோட்டம் பார்க்க வாடிப்பட்டிப் பக்கம் போயிருந்தார், போனைச் சார்ஜில் போட்டுவிட்டு. துக்கம் விசாரிக்க ஒவ்வொருவராக அடிக்க அடிக்க, அது மேசையில் தானாக மணியடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லாமல் அடிக்கிற போனைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? "போன வழியில என்னமோ ஆகிப்போச்சுய்யா" என்றார்கள். யாரோ அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையாகச் சாக்கை இழுத்து மூடினார்கள். ஆளுயரத்துக்கு ஒரு ரோஜா மாலை வாங்கி, குட்டியானை வண்டியில் ஏறிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அத்தை அடுப்பில் பால் வைத்துவிட்டு வாசல் சத்தம் கேட்டு வெளியே வந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. கருப்பையா அண்ணன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ஆனால் மாலை இருந்ததே. சொல்ல வேண்டியதை அது சொல்லிவிட்டது.

கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். தெருவே கூடிவிட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்து, அத்தையைக் கட்டிக்கொண்டு விழுந்து கிடக்கிறாள். அப்போது தெருமுனையில் ஹார்ன். மாமா மொபெட்டில், பின்னால் தக்காளிப் பெட்டி இரண்டைக் கட்டிக்கொண்டு வருகிறார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

"யாருக்குய்யா மாலை?"

"அண்ணே..." என்றார் கருப்பையா அண்ணன். "ஒங்களுக்குத்தாண்ணே."

அடுத்த நொடி எல்லாரும் கருப்பையா அண்ணன்மேல் பாய்ந்தார்கள். "உசுரோட இருக்கிற மனுசனுக்குத் துட்டி சொல்லுவியா? ஒம்மகளுக்கு வாயா, வாய்க்காலா?" ஒருவர் சட்டையைப் பிடித்தே விட்டார்.

"எம்பிள்ள பொய் சொல்லாதுய்யா! இவுக மருமகதான் பல்லாசுபத்திரியில சொல்லிட்டு ஓடுச்சாம்!"

மாமா வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். அந்த நேரம்தான் யோசித்திருக்கிறார், அதற்கு மேல் இல்லை. "அவர விடுங்கய்யா. நாந்தான் பிள்ளைகிட்டச் சொல்லச் சொன்னேன். போன வெள்ளிக்கிழம மண்டி வாசல்ல காக்கா தலையில அடிச்சிருச்சு."

காக்கை தலையில் அடிப்பது எங்கள் பக்கம் ஆகாத சகுனம். அதைக் கழிக்க ஒரு வழி உண்டு. அடிபட்டவர் செத்துவிட்டதாகச் சொந்தபந்தத்துக்குப் பொய்த் துட்டி சொல்லிவிட வேண்டும். அவர்கள் நிஜமென்று நம்பி அழுதுவிட்டால், வர இருந்தது வந்துபோனதாக அர்த்தம். முன்கூட்டிச் சொல்லி அழவைத்தால் பலிக்காது.

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. "அதான பார்த்தேன்! எந்தப் பக்கம்ணே அடிச்சுச்சு?"

"வலப்பக்கம்."

"ஆயுசு நூறுண்ணே ஒங்களுக்கு!" மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மொபெட் ஹேண்டில்பாரில் மாட்டினார்கள். சிரித்தார்கள்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மாமாவை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "என்கிட்டக்கூடவா சொல்லல?" என்றார். எழுந்து உள்ளே போனார். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகிக் கிடந்தது. அந்தத் தீய்ந்த வாடை இரண்டு நாள் வீட்டைவிட்டுப் போகவில்லை என்று அம்மா சொன்னாள்.

செத்தவருக்கு ஒரு டோக்கன்

மூன்றாம் நாள் காலை மாமா எங்கள் வாசலில் நின்றார். "வா தாயி, போவம்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்தேன். வைகைப் பாலம் தாண்டினோம். பிறகு அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"மாமா... நெசமாவே காக்கா அடிச்சுச்சா?"

"அடிச்சுச்சே. பல்லுவலி வந்த காக்கா ஒண்ணு."

அவ்வளவுதான் பேசினார். ஏன் சொன்னாய், எதற்குச் சொன்னாய், ஒன்றுமில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் நானும் அழுது முடித்திருப்பேன்.

மருத்துவமனையில் கலா என்னைப் பார்த்தாள். பக்கத்தில் மாமாவைப் பார்த்தாள். அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. மாமா மேசையில் கையை ஊன்றி, "செத்தவன் வந்திருக்கேன், ஒரு டோக்கன் குடும்மா" என்றார். கலா சிரித்துவிட்டாள். பிறகு என்னிடம் மெதுவாக, "அந்த நீலத் துண்டைக் கொண்டாந்தீங்களாக்கா?" என்று கேட்டாள். அது என் பைக்குள்தான் இருந்தது. சொல்லவில்லை.

மறுபடியும் அதே நாற்காலி, அதே விளக்கு. டாக்டரம்மா இந்த முறை ஊசியை மறைக்கவில்லை. "கண்ண மூடிக்கங்க. மூக்கால மூச்சு விடுங்க, நீளமா" என்றார். மாமாவை வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். நான் கையை நீட்டினேன். அவர் உள்ளே வந்து பிடித்துக்கொண்டார். என் விரலுக்கு அடியில் அந்தப் பிறைத் தழும்பு தட்டுப்பட்டது.

ஊசி சுருக்கென்றது. எறும்புதான். கட்டெறும்பு. கொஞ்ச நேரத்தில் பாதி உதடு என்னுடையதாக இல்லை, யாரோ வைத்துவிட்டுப் போன பன் மாதிரி இருந்தது. பிறகு ஓர் அழுத்தம். கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி மண்டைக்குள் ஒரு சத்தம். வலியே இல்லை. தட்டில் ஏதோ 'டிங்' என்று விழுந்தது.

"முடிஞ்சதும்மா."

இதற்கா! இந்த ஒரு டிங்குக்கா!

பஞ்சு வைத்த வாய்

ஒரு மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசாமல் இரு, துப்பாதே, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே, சூடாக எதுவும் குடிக்காதே என்று எழுதிக் கொடுத்தார்கள். மரத்துப்போனது விலக விலகத் தாடை தன் இருப்பைத் தெரிவித்தது. மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் வலதுபக்கக் கன்னம் குழிப்பணியாரம். மூன்றாம் நாள் அது மஞ்சளும் பச்சையுமாக மாறியது. தையல் நூல் நாக்கில் இடறிக்கொண்டே இருந்தது. உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையை ஆட்டிக் கீழே விழவிட வேண்டும், கொப்பளிக்கக் கூடாது.

இதையெல்லாம் கூட இருந்து பார்த்தவர் அத்தை. பரவையிலிருந்து ஆறவைத்த கஞ்சியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். துண்டில் ஐஸ்கட்டி சுற்றிக் கன்னத்தில் வைத்துப் பிடித்தார். கை வலித்தால் மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒம்மேல கோவமில்லடி. நீ சின்னப்பிள்ள, அந்த மனுசன் சொன்னதச் செஞ்ச" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்கு மொதல்ல அழுகையே வரல, தெரியுமா? அன்னைக்குக் காலையில சட்டையில பொத்தான் இல்லன்னு வந்து நின்னாக. எனக்கு வேல. 'இருக்கிறதப் போட்டுட்டுப் போங்க'ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். மாலையப் பார்த்ததும் அதுதான் வந்துச்சு. கடைசியா அதத்தான் சொல்லி அனுப்பியிருக்கேன், பொத்தான் இல்லாத சட்டையோட அனுப்பிட்டேன்னு. அந்தக் கால் மணி நேரம், அந்தப் பொத்தானத் தவிர வேற ஒண்ணுமே எனக்குத் தெரியலடி." ஐஸ் தண்ணீர் என் கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டார். "எங்கிட்ட ஒரு கண்ணு காட்டியிருந்தா ஊருக்காக நான் அழுதிருக்க மாட்டேனா?"

போனை எடுத்து, 'அத்தை, மாமா சொல்லச் சொல்லவில்லை' என்று தட்டினேன். அவர் திரும்புவதற்குள் அழித்தேன். வாய் வீங்கியிருக்கிறது, ஆறட்டும், ஆறினதும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொன்னேன். ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். வாய் நன்றாகத் திறந்தது. மூன்றாம் வாரம் முறுக்கு கடித்தேன்.

சொல்லவில்லை.

அவுககிட்டச் சொல்லு

அன்றிலிருந்து அத்தை மாமாவோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "அவுககிட்டச் சொல்லு, சோறு ஆறுதுன்னு." வீட்டில் வேறு யாரும் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வார். ஆனால் மாமா சட்டையில் பொத்தான் இல்லாமல் ஒருநாளும் வெளியே போனதில்லை.

மாமா அதையும் சிரித்தே கடத்தினார். எட்டு மாதம்.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் யாரோ விளையாட்டாக, "என்ன மதினி, அண்ணனோட பேச்சுவார்த்தை உண்டா, இல்ல காக்கா விடு தூதா?" என்றார். பந்தியே சிரித்தது. அத்தை இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கட்டுனவள ஏமாத்தி அழவச்சு ஆயுசு தேடுன ஆளு. அவருகிட்ட என்ன பேச?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. சோற்றைப் பிசையாமல் இடதுகை விரலால் வலதுகைக் கட்டைவிரலைத் தடவிக்கொண்டிருந்தார். எதிர்வரிசையில் உட்கார்ந்து நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் பரவைக்குப் போனேன். மார்க்கெட் முடிந்து வந்து மாமா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன். ஒன்றும் உரிக்கவில்லை.

"அத்தை, அன்னைக்கு மாமா என்னயச் சொல்லச் சொல்லல. ஊசிக்குப் பயந்து நானாத்தான் சொன்னேன். மாமாவுக்கே தெரியாது. கருப்பையா அண்ணன அடிக்கப் போனாகல்ல, அதுக்காகத்தான் அப்புடிச் சொல்லியிருக்காக. எனக்காகவும்."

அத்தை கை நின்றது.

"காக்கா?"

"இல்ல அத்தை."

"அடிக்கவே இல்லயா?"

"இல்ல."

தொலியும் பயறும் மடியில் இருக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. "அப்ப இம்புட்டு நாளா அந்த மனுசன்..." என்றார். மடியை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பால் பொங்கும் வாசனை வந்தது, இந்த முறை தீயாமல். பிறகு உள்ளறையிலிருந்து அத்தை குரல்.

"ஏங்க... எந்திரிங்க. காபி ஆறுது."

பிறகு கட்டில் கிரீச்சிட்டது. "யார்கிட்டச் சொல்ற?" என்றார் மாமா, தூக்கக் கலக்கத்தில்.

"ஒங்ககிட்டத்தான்."

முற்றத்துக்கு எனக்குக் காபி வரவில்லை. அந்த வீட்டுக்குப் போய்க் காபி குடிக்காமல் நான் எழுந்தது அன்றைக்குத்தான். செருப்பை மாட்டும்போது அத்தை கேட்டுவரை வந்தார்.

"புத்தகத்துல என்னென்னமோ எழுதுறியே, இதை எழுதுவியா?"

"எழுதட்டுமா அத்தை?"

"எழுது. எங்க பேரு வேணாம். உம்பேரு இருக்கணும்."

சரியென்று தலையாட்டினேன். அவர் என் வலது கன்னத்தைப் பார்த்தார், ஐஸ் வைத்துப் பிடித்த இடத்தை.

"பல்லு எடுத்த இடம் ஆறிருச்சா?"

"ஆறிருச்சு அத்தை."

"ம். ஒனக்கு ஆறிருச்சு" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினார்.